தூர்தர்ஷன் விவாதங்கள் ஒரு பக்கம் சாய்கிறதா? அதை அளப்பது எப்படி?

பெங்களூரு அடுகோடியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு பழைய டிவி உண்டு. காலையில் டிடி சந்தனா, மாலையில் டிடி தமிழ். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் அந்த டிவி முன்னால் தினமும் ஒரே சண்டைதான். "இது கவர்மென்ட் டிவிங்க, ஆளுங்கட்சி பாட்டுதான் பாடும்" என்பார் ஒருவர். "அப்போ காங்கிரஸ் ஆட்சியில இது என்ன செஞ்சுச்சு?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கடைசியாக ஒன்று சொல்வார்: "எல்லாரும் நம்ம வரிப்பணத்துலதான் பேசுறாங்க."

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் "சார்பு" என்று சொல்வது எளிது, அதை நிரூபிப்பது கஷ்டம். தூர்தர்ஷனும் சன்சத் டிவியும் நடத்தும் விவாதங்களில் அரசியல் சாய்வு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டம் என்ன சொல்கிறது? சாய்வு இருந்தால் நீங்கள் எங்கே போய்க் கேட்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது ஏன் நம் பிரச்னை?

தனியார் சேனல் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம். அரசு ஒளிபரப்பு அப்படியல்ல. அதற்கு நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பணம் கொடுக்கிறீர்கள்.

பிரிட்டனில் டிவி வைத்திருப்பவர்கள் தனியாக உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். இந்தியாவிலும் அப்படியொரு கட்டணம் இருந்தது. 1980-களின் நடுப்பகுதியில் அது எடுக்கப்பட்டது. இப்போது பிரசார் பாரதிக்கு மத்திய பட்ஜெட்டிலிருந்து ஆண்டுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் போகிறது. இதில் பெரும்பகுதி சம்பளத்துக்கு. இதுபோக, கருவிகளையும் கட்டமைப்பையும் புதுப்பிக்க 2023 ஜனவரியில் சுமார் 2,539 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வீச்சும் பெரியது. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 4 கோடிக்கும் அதிகமான வீடுகளில் இருக்கிறது. குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் தர வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டம் சொல்கிறது. மாதம் 300 ரூபாய் கட்ட முடியாத வீட்டுக்கு அரசியல் விவாதம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

சட்டம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது?

பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆனது. அதன் 12-வது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். பொதுநலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் சுதந்திரமாக, உண்மையாக, நடுநிலையாகத் தெரிந்துகொள்ள குடிமக்களுக்கு இருக்கும் உரிமையைக் காப்பது இந்த அமைப்பின் கடமை. எதிரெதிர்க் கருத்துகள் உட்பட சமநிலையான தகவலைத் தர வேண்டும். தனக்கென ஒரு கருத்தையோ சித்தாந்தத்தையோ முன்வைத்து வாதிடக் கூடாது.

ஆக, "நடுநிலையா இருங்கப்பா" என்று நாம் கேட்பது ஆசையில் கேட்பதல்ல, சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம்.

உச்ச நீதிமன்றமும் 1995-இல் இதையொட்டிப் பேசியது. பெங்கால் கிரிக்கெட் சங்க வழக்கின் தீர்ப்பில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்றது. அரசுக்கும் அரசியல் செல்வாக்குக்கும் வெளியே நிற்கும் பொது அமைப்பு ஒன்று தேவை என்பதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது.

அதே சட்டத்தில் 23-வது பிரிவும் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு பிரசார் பாரதிக்கு உத்தரவிடலாம். அந்த உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அதாவது, எழுதிக் கொடுத்து வெளிப்படையாகத் தலையிட ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான புகார்கள் அந்த வழியில் வராத தலையீடுகளைப் பற்றியவை.

இது மோடி ஆட்சியில் தொடங்கியதா?

இல்லை. வரலாற்றைப் புரட்டினால் எந்தக் கட்சிக்காரரும் நிம்மதியாக உட்கார முடியாது.

நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் எப்படிப் பயன்படுத்தப்பட்டன என்று 1977 ஆகஸ்டில் ஜனதா அரசு ஒரு வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் பங்கேற்ற எதிர்க்கட்சிக் கூட்டம். அன்று மாலை தூர்தர்ஷனில் 'பாபி' படம் போட்டார்கள், கூட்டம் சேராமல் இருக்க. இன்றும் சொல்லிக் காட்டப்படும் சம்பவம் இது.

1980-களில் 'ஜன்வாணி' என்றொரு நிகழ்ச்சி வந்தது. மக்கள் அமைச்சர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். வினோத் துவா நெறியாளர். அரசு டிவியில் அது புதுசு. ஆனால் அதே காலகட்டத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1986-இல் முஸ்லிம் பெண்கள் விவாகரத்து உரிமை மசோதா பற்றிய நிகழ்ச்சியில் வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் வைத்த விமர்சனத்தை தூர்தர்ஷன் வெட்டிவிட்டு ஒளிபரப்பியது. அவர் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். அப்படி வெட்டியது அவருடைய பேச்சுரிமைக்கு எதிரானது என்றது நீதிமன்றம்.

போபால் விஷவாயு விபத்து பற்றிய 'பியாண்ட் ஜெனோசைட்' ஆவணப்படம் தேசிய விருது வாங்கியது. தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. படம் அரசை விமர்சிக்கிறது என்பது மறுப்பதற்குக் காரணம் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

2014 ஏப்ரலில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. அப்போது பிரதமர் வேட்பாளராக இருந்த நரேந்திர மோடி தூர்தர்ஷனுக்குக் கொடுத்த பேட்டியில் சில பகுதிகள் நீக்கப்பட்டு ஒளிபரப்பானது. பாஜக கொதித்தது. அன்றைய பிரசார் பாரதி தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார், செய்திப் பிரிவுக்குத் தேவையான சுதந்திரம் இன்னும் கிடைக்கவில்லை என்று வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்.

ஆட்சி மாறியது. 2014 அக்டோபரில் ஆர்.எஸ்.எஸ் தலைவர் மோகன் பாகவத்தின் விஜயதசமி உரை தூர்தர்ஷனில் நேரலையாக வந்தது. 2017-இல் சுதந்திர தின உரையை மாற்றினால்தான் ஒளிபரப்புவோம் என்று சொன்னதாக அன்றைய திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் குற்றம்சாட்டினார். 2024 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, டிடி நியூஸ் லோகோ காவி நிறமானது. முதல்வர் ஸ்டாலின் உட்படப் பலர் கண்டித்தார்கள். அது ஆரஞ்சு நிறம், பளிச்சென்று தெரிவதற்காக மாற்றினோம் என்றது பிரசார் பாரதி.

சென்னைக்கு வருவோம். 2019 செப்டம்பர் 30 அன்று சென்னை ஐஐடியில் பிரதமர் பேசினார். அடுத்து சென்னை தூர்தர்ஷனின் உதவி இயக்குநர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பேச்சை நேரலையில் காட்டாததே காரணம் என்று செய்திகள் வந்தன. 2024 அக்டோபரில் சென்னை தூர்தர்ஷனின் இந்தி மாத விழாவில், ஆளுநர் ஆர்.என்.ரவி மேடையில் இருக்க, தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட' என்ற சொல் வரும் வரி விடுபட்டது. டிடி தமிழ் மன்னிப்புக் கேட்டது.

டீக்கடையின் முதல் இரண்டு பேருமே சரிதான். அதிகாரத்தில் இருப்பவர் பக்கம் சாயும் பழக்கம் கட்சியைப் பார்த்து வருவதல்ல, அமைப்பிலேயே இருக்கிறது. அதற்காக "அவங்க செஞ்சாங்க, நாங்களும் செய்றோம்" என்பதை ஏற்க வேண்டியதில்லை. 12-வது பிரிவில் எந்தக் கட்சிக்கும் விலக்கு இல்லை.

நேரத்தைக் கணக்கிட்டால் போதாதா?

டேட்டா பத்திரிகையாளர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். யாருக்கு எத்தனை நிமிடம் என்று எண்ணிவிட்டால் முடிந்தது. அப்படி முடிவதில்லை. ஒரு உதாரணம்.

2019 மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குப் பிந்தைய சுமார் ஒரு மாதத்தில் தூர்தர்ஷன் சேனல்களில் பாஜகவுக்கு 160 மணி நேரமும் காங்கிரஸுக்கு 80 மணி நேரமும் கிடைத்ததாகத் தகவல் வெளியானது. எந்தக் கட்சிக்கும் அளவுக்கு மீறி இடம் தராதீர்கள், சமநிலை வேண்டும் என்று தேர்தல் ஆணையம் தூர்தர்ஷனுக்குச் சொன்னது. 'நானும் காவலாளி' என்ற பாஜக பிரசார நிகழ்ச்சியை நேரலையாகக் காட்டியதற்கும் விளக்கம் கேட்டது.

160-க்கு 80. இரண்டு மடங்கு. இது சார்பா? எந்த அளவுகோலை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது:

- சம பங்கு: இரண்டு பெரிய கட்சிக்கும் ஒரே நேரம் வேண்டும் என்றால், பாஜகவுக்குக் கிடைத்தது இரண்டு மடங்கு.
- வாக்கு விகிதம்: 2014-இல் பாஜக சுமார் 31%, காங்கிரஸ் சுமார் 19.5%. விகிதம் 1.6 மடங்கு. இப்படிப் பார்த்தாலும் பாஜகவுக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.
- தொகுதிகள்: 2014-இல் பாஜக 282, காங்கிரஸ் 44. விகிதம் 6.4 மடங்கு. இப்படிப் பார்த்தால் பாஜகவுக்குக் குறைவு!

ஒரே எண், மூன்று தீர்ப்பு. யாராவது வாட்ஸ்அப்பில் "இத்தனை நிமிஷம் பாருங்க" என்று அனுப்பினால், "எந்த அளவுகோல்ல?" என்று முதலில் கேளுங்கள்.

தேர்தல் ஆணையத்துக்கு இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் கட்சிகளுக்கான இலவசப் பிரசார நேரத்தில் இரண்டையும் கலக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒவ்வொன்றுக்கும் அடிப்படை நேரம் ஒரே அளவு. அதற்கு மேல் கடந்த தேர்தல் செயல்பாட்டுக்கு ஏற்பக் கூடுதல் நேரம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 39ஏ பிரிவு கேட்பதும் 'நியாயமான பங்கீடு'தான், அச்சுப் பிசகாத சமம் அல்ல. இந்தத் திட்டத்தில் குழு விவாதங்களும் உண்டு. தகுதியுள்ள கட்சி ஒவ்வொன்றும் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். ஒருங்கிணைப்பாளர் பெயருக்கு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

நேரம் கிடைத்தால் மட்டும் போதுமா? 2024-இல் சிபிஎம் பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரியின் தேர்தல் உரையில் சில சொற்களை நீக்கச் சொன்னார்கள், ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். ஃபார்வர்ட் பிளாக் தலைவர் தேவராஜனின் உரையில் 'முஸ்லிம்கள்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். விதிமுறைப்படிதான் செய்தோம் என்பது அதிகாரிகள் தரப்பு. நிமிடக் கணக்கில் இது எதுவும் தெரியாது.

கேமராவும் பேசும்

2023 ஆகஸ்ட் 9. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது மக்களவையில் ராகுல் காந்தி 37 நிமிடம் பேசினார். சன்சத் டிவி அவரைக் காட்டியது 14 நிமிடம் 37 விநாடி மட்டுமே என்றது காங்கிரஸ். அதாவது 40 சதவீதத்துக்கும் குறைவு. மணிப்பூர் பற்றி அவர் பேசிய 15 நிமிடம் 42 விநாடியில், 11 நிமிடம் 8 விநாடி கேமரா சபாநாயகர் ஓம் பிர்லாவைக் காட்டியது என்றும் சொன்னது.

இது ஒரு கட்சி எடுத்த கணக்கு. ஆனால் காணொளி பொதுவெளியில் இருக்கிறது, ஸ்டாப்வாட்ச் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். இப்படிப்பட்ட குற்றச்சாட்டுதான் பயனுள்ளது. சரிபார்த்த பிறகு கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: அமளி நேரத்தில் கேமரா அவைத் தலைவர் பக்கம் திரும்புவது வழக்கம். அந்த விளக்கம் இந்த அளவுக்குப் பொருந்துமா? அன்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பேசும்போதும் அதே விகிதம்தானா? ஒப்பிட ஆள் இல்லாமல் ஒரு எண் மட்டும் தனியாக நின்றால் அது பாதி சாட்சியம்.

எல்லாருக்கும் 'நமக்கு எதிரா'தான் தெரியுமா?

கிட்டத்தட்ட ஆமாம். 1985-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே டிவி செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு தரப்பும் "இது எங்களுக்கு எதிரா இருக்கு" என்றது. ஒரே காட்சி, நேரெதிர்ப் புகார்!

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, உங்கள் கோபம் மட்டும் ஆதாரம் ஆகாது. என் கோபமும்தான். இரண்டு, "ரெண்டு பக்கமும் திட்டுறாங்க, அப்போ நாங்க நடுநிலைதான்" என்று சேனல்காரர்கள் தப்பிப்பதும் செல்லாது. நிஜமாகவே சாய்ந்திருக்கும் நிகழ்ச்சியையும் இரண்டு பக்கமும் திட்டலாம்.

நீங்களே அளக்க ஒரு தாள் போதும்

ஒரே விவாத நிகழ்ச்சியை ஒரு மாதம் பாருங்கள். யூடியூபில் பழையவை இருக்கும். ஒவ்வொரு நாளும் இவற்றைக் குறியுங்கள்:

1. தலைப்பு. அரசின் சாதனையா, அரசிடம் கேள்வியா, எதிர்க்கட்சியிடம் கேள்வியா? அந்த வாரத்தின் பெரிய செய்திகளில் எது தலைப்பாகவே வரவில்லை? இதுதான் முக்கியம். நடக்காத விவாதத்தை நிமிடத்தில் அளக்க முடியாது.
2. யார் வந்தார்கள். 'அரசியல் விமர்சகர்', 'மூத்த பத்திரிகையாளர்' என்று பட்டை போடுவார்கள். அவர் எந்தக் கட்சிப் பொறுப்பிலாவது இருந்தாரா என்று தேடிப் பாருங்கள். தாளில் 2-க்கு 2 என்று இருப்பது உண்மையில் 3-க்கு 1 ஆக இருக்கலாம்.
3. பேசிய நேரம். ஒவ்வொருவரும் தடையில்லாமல் பேசிய விநாடிகள்.
4. குறுக்கீடு. நெறியாளர் யாரை எத்தனை முறை இடைமறித்தார்?
5. கேள்வியின் வடிவம். "விளக்குங்கள்" என்பது ஒன்று. "ஏன் நாட்டைக் குழப்புகிறீர்கள்?" என்பது வேறு.
6. முதல் வார்த்தை, கடைசி வார்த்தை. யார் தொடங்கினார், யார் முடித்தார்?

ஒரு நிபந்தனை. உங்களோடு அரசியல் ஒத்துப்போகாத ஒருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு தாளும் எங்கே ஒத்துப்போகிறதோ அதை நம்புங்கள். ஒத்துப்போகாத இடத்தில் இருப்பது நிகழ்ச்சியின் சார்பாகவும் இருக்கலாம், நம்முடையதாகவும் இருக்கலாம்.

வராதவர்களையும் கணக்கில் எடுங்கள். 2021 டிசம்பரில் மாநிலங்களவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட சிவசேனா எம்.பி. பிரியங்கா சதுர்வேதி, சன்சத் டிவியில் தான் நடத்திய நிகழ்ச்சியிலிருந்து விலகினார். இடைநீக்கமான எம்.பி.க்களுக்கு ஆதரவாக சசி தரூரும் தன் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தார். கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் வரவில்லையா என்று தெரியாமல் எண்ணினால் கணக்கு தப்பும்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிபிசி மீதான புகார் முதலில் பிபிசிக்கே போகும். பதில் திருப்தி இல்லையென்றால் 2017 முதல் ஆஃப்காம் என்ற வெளி அமைப்பு விசாரிக்கும். அங்கேயும் சண்டை ஓயவில்லை. டிரம்பின் பேச்சை வெட்டி ஒட்டிய விவகாரத்தில் 2025 நவம்பரில் பிபிசி தலைமை இயக்குநர் டிம் டேவியே பதவி விலகினார்.

ஆஸ்திரேலியாவின் ஏபிசி, தேர்தல் காலத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு குரல் கிடைத்தது என்ற கணக்கைத் தானே வெளியிடுகிறது. அதன் 'கியூ அண்ட் ஏ' விவாத நிகழ்ச்சி மீது 2015-இல் அரசே பாய்ந்தபோது, இரண்டு மூத்த ஊடகர்களை வைத்துத் தணிக்கை செய்து அறிக்கை வெளியிட்டது.

இலங்கையில் 17-வது அரசமைப்புத் திருத்தம் வேறொரு வழியைத் திறந்தது. தேர்தல் நேரத்தில் ரூபவாஹினியும் அரச வானொலியும் வழிகாட்டுதலை மீறினால், தேர்தல் ஆணைக்குழு அதற்கென ஓர் அதிகாரியை நியமிக்கலாம்.

அமெரிக்காவில் கதை எதிர்த்திசையில் போனது. பொது ஒளிபரப்பு ஒரு பக்கம் சாய்கிறது என்று சொல்லி, 2025 ஜூலையில் சுமார் 110 கோடி டாலர் நிதியை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. சார்பு என்ற புகார் சீர்திருத்தத்துக்கும் உதவும், மூடுவிழாவுக்கும் உதவும். இதை மறக்க வேண்டாம்.

சரி, இந்தியாவில் யாரிடம் போவது?

சட்டத்தில் பதில் இருக்கிறது. பிரசார் பாரதியைக் கண்காணிக்க 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு என்கிறது 13-வது பிரிவு. மக்களின் புகார்களை விசாரிக்க ஒலிபரப்பு மன்றம் என்கின்றன 14, 15-வது பிரிவுகள். இரண்டும் காகிதத்தில்தான் இருக்கின்றன. சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவை செயல்பாட்டுக்கு வரவில்லை. காங்கிரஸ் கூட்டணி, பாஜக கூட்டணி, இரண்டுக்கும் இதில் சம பங்கு உண்டு!

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பவை:

- ஆர்டிஐ. பிரசார் பாரதி பொது அதிகார அமைப்பு. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "நிகழ்ச்சி சார்பாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "கடந்த 3 மாதத்தில் இந்த நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயர், தேதி, தலைப்பு, அழைத்தும் வராதவர்கள் பட்டியல், விருந்தினர் தேர்வுக்கான எழுத்துபூர்வ விதிமுறை" என்று கேளுங்கள்.
- மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம். நிகழ்ச்சி, தேதி, நேரம், நிமிடம் குறிப்பிட்டுப் புகார் அளியுங்கள். 12-வது பிரிவை மேற்கோள் காட்டுங்கள்.
- தேர்தல் காலத்தில் நேராகத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். 2019-இல் ஆணையம் தலையிட்டதே புகார்கள் போனதால்தான்.
- உங்கள் எம்.பி. ஒலிபரப்பு மன்றம் எங்கே என்று அவர் நாடாளுமன்றத்தில் கேட்கலாம். எந்தக் கட்சி எம்.பி.யாக இருந்தாலும்.

அடுகோடி டீக்கடையில் சண்டை இன்னும் முடியவில்லை. அதில் எனக்குப் பிரச்னை இல்லை, அரசியல் பேசத்தான் டீக்கடை. ஆனால் அந்த மூன்றாமவர் சொன்னதில் ஒரு வாக்கியம் குறைகிறது. நம் வரிப்பணத்தில் பேசுகிறார்கள் என்றால், யாரைப் பேச வைத்தார்கள், யாரை விட்டார்கள் என்ற கணக்கை நமக்குக் காட்ட வேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்க 10 ரூபாய் போதும். எங்கள் கடையில் அது ஒரு டீ விலை.